பிரென்ஸ்கில் வம்சத்தின் கனடாக் கிளை

உலகத்தில் பிரென்ஸ்கில் என்ற குடும்பப் பெயரோடு உயிருடன் இருந்தவர்கள் போன மாதம் வரை பத்துப் பேர். ஒன்பது பேர் இங்கிலாந்தில். பத்தாவது ஆள் நான். மொன்றியாலின் மேற்கே இல்-பிசார் என்ற தீவில், ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையில் இருக்கிறேன்.

இதைச் சொன்னால் ஆட்கள் முதலில் என் முகத்தைப் பார்ப்பார்கள், பிறகு தங்கள் காலில் கிடக்கும் சப்பாத்தைப் பார்ப்பார்கள். நான் அசல் யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறைக் கறுப்பு. டெலிபோனில் பெயரைக் கேட்டு நேர்முகத்துக்குக் கூப்பிட்ட முதலாளிகள் வாசலில் என்னைக் கண்டதும் எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்திருக்கிறார்கள். கடைசியில் ஜான்-டலோன் சந்தையில் ஒரு மரக்கறிக் கடைக்காரர் பெயரையே கேட்காமல் வேலை தந்தார். பெட்டி தூக்கத் தெரியுமா என்று மட்டும் கேட்டார். ஓய்வு பெறும்வரை அங்கேயே தக்காளியும் கத்தரிக்காயும் அடுக்கினேன்.

பெயர் வந்த கதை இதுதான். என் பூட்டனின் தகப்பன் கந்தன் என்ற பையன். அவனை மிசன் விடுதிப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். சோறு, உடுப்பு, படிப்பு எல்லாம் கடலுக்கு அப்பால் இருந்த ஒரு சீமாட்டியின் உபயம். அந்தக் காலத்து வழக்கப்படி, யார் படியளக்கிறார்களோ அவர்கள் சொல்கிற பெயரைப் பிள்ளைக்கு வைப்பார்கள். கந்தனாக உள்ளே போனவன் ஞானஸ்நானம் முடிந்து வில்லியம் பிரென்ஸ்கிலாக வெளியே வந்தான். அந்த அம்மாள் எங்கள் ஊரைக் கண்டதில்லை, நாங்கள் அவரைக் கண்டதில்லை. பெயர் மட்டும் கப்பலேறி வந்து எங்கள் வீட்டில் குந்திக்கொண்டது.

ஊரில் இருந்த மற்றப் பிரென்ஸ்கில்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். ஒரு சித்தப்பாவுக்குத் தமிழுணர்ச்சி வந்து பெயரை மாற்றினார். இன்னொருவர் பிள்ளையில்லாமல் போனார். என் தகப்பனார் பிடிவாதக்காரர், வைத்துக்கொண்டார். நான் அவருடைய மகன். என் மனைவி செல்வமலர் சைவக்காரி. “வெள்ளைக்கார மாப்பிளை எண்டு சொல்லி என்னை ஏமாத்திப்போட்டினம்” என்று கலியாணம் முடிந்த நாளிலிருந்து சொல்லிச் சிரிப்பாள். மகனுக்குப் பிரணவன் என்று அவள்தான் பெயர் வைத்தாள். பிரணவன் பிரென்ஸ்கில். கோயில் மணியும் தேவாலய மணியும் சேர்ந்து அடித்ததுபோல் இருக்கிறது என்று நான்தான் பகிடி பண்ணினேன்.

செல்வமலர் இறந்துபோனபிறகு, நகரத்துக்குள் பார்க்-எக்ஸ்ரென்ஷனில் இருந்த வீட்டை விட்டேன். அங்கே ஒவ்வொரு சுவரும் அவளுடைய குரலோடு இருந்தது. இல்-பிசாரில் ஒரு கியூபெக் தம்பதியின் நிலக்கீழ் அறை கிடைத்தது. நல்ல மனிதர்கள். குளிர் தொடங்க புளோரிடாவுக்குப் போய்விடுவார்கள். அதன் பிறகு அந்தத் தெருவில் என்னோடு பேசுவது பஸ் சாரதி மட்டும்தான். அவருக்கும் எனக்கும் பொன்ஷூர் என்ற வணக்கத்துக்கும் மெர்சி என்ற நன்றிக்கும் மேல் ஒன்றும் இல்லை. கோடையில் லவாலுக்குப் போகும் சின்னப் படகைப் பார்க்க ஆற்றங்கரைக்கு நடப்பேன். குளிர்காலத்தில் அதுவும் இல்லை.

மகன் நாட்டின் மேற்குக் கோடியில், கல்கரியில். அவன் அங்கே போய்ச் சில மாதங்களில் ஒருநாள் டெலிபோன் எடுத்து, பிரென்ஸ்கிலைச் சட்டப்படி நீக்கிவிட்டதாகச் சொன்னான்.

“ஆரோ ஒரு மனிசி எங்கட ஆளுக்குச் சோறு போட்டதுக்கு, ஆறு தலைமுறை கழிச்சும் நான் ஏனப்பா அவவின்ர பேரைக் காவோணும்?”

“நல்லது,” என்று சொல்லி டெலிபோனை வைத்துவிட்டேன். அவன் அதற்குப் பதிலாக என்ன வைத்தான் என்று நான் கேட்கவில்லை. சோழன், பாண்டியன் என்று ஏதாவது வைத்திருப்பான் என்று நினைத்தேன். கோபம்தான். என் தகப்பனார் காப்பாற்றி என் கையில் தந்ததை இவன் பழைய சப்பாத்தைப்போல வாசலில் விட்டுவிட்டுப் போகிறானே என்ற கோபம். அதன் பிறகு நத்தார்ப் பண்டிகைக்கும் பிறந்தநாளுக்கும் கேக் படம் ஒன்று என் டெலிபோனில் வந்து விழும். நானும் ஒரு கேக் படம் அனுப்புவேன்.

இப்படி இருக்கையில்தான் போன இலையுதிர் காலத்தில் ஹில்டா பிரென்ஸ்கில் என்னைக் கண்டுபிடித்தார்.

ஹில்டாவுக்கு எண்பது தாண்டியிருந்தது. வட யோர்க்‌ஷயரில் ஒரு பள்ளத்தாக்கில் தனியாக இருந்தார். கலியாணம் கட்டவில்லை. “அதனால்தான் பெயர் மிஞ்சியது,” என்று சொல்வார். வாழ்நாள் முழுவதும் அவர் செய்த வேலை ஒன்றுதான். பிரென்ஸ்கில் என்ற பெயர் எங்கே பிறந்தது, எங்கெங்கே போனது என்று தேடுவது. அதற்கென்று இணையத்தில் ஒரு பக்கம் வைத்திருந்தார். உலக வரைபடம் ஒன்று, அதில் உயிரோடிருக்கும் ஒவ்வொரு பிரென்ஸ்கிலுக்கும் ஒரு சிவப்புப் புள்ளி. இணையத் தொலைபேசிப் புத்தகமொன்றில் ‘ஜி. பிரென்ஸ்கில், மொன்றியால்’ என்று கண்டதும் எனக்கு எழுதிவிட்டார். அடுத்த ஞாயிறு பேசினோம். அதற்குப் பிறகு எல்லா ஞாயிறும் பேசினோம். எனக்கு மத்தியானம், அவருக்குப் பின்னேரத் தேத்தண்ணி நேரம்.

அந்தப் பெயரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் சொன்னதுதான். அது முதலில் ஆளின் பெயரே இல்லையாம், ஒரு ஆட்டுப் பண்ணையின் பெயராம். எரிந்துபோன குடிசைக்குப் பக்கத்து நீரோடை என்று பழைய பாஷையில் அர்த்தமாம். அந்தப் பண்ணையில் குத்தகைக்கு இருந்தவர்களை ஊர் அந்தப் பெயரால் கூப்பிட்டிருக்கிறது. பிறகு பக்கத்தில் ஈயச் சுரங்கம் வந்தது, பிரென்ஸ்கில்கள் அதற்குள் இறங்கினார்கள். சுரங்கம் படுத்ததும் சிலர் பஞ்சாலைப் பக்கம் போனார்கள். ஒருவன் அவுஸ்திரேலியாவுக்குப் போய் பிள்ளையில்லாமல் செத்தான். முதல் உலகப் போர் நாலு பேரைத் தின்றது. மிச்சம் இருந்தவர்களில் பெரும்பாலும் பெண்கள், அவர்கள் கட்டிக்கொண்டு போன இடத்துப் பெயருக்கு மாறினார்கள். பண்ணை இருந்த இடத்தில் இப்போது பாதிச் சுவர் ஒன்று நிற்கிறதாம். அந்தச் சுவருக்குப் பக்கத்தில் நாயோடு நின்று எடுத்த படத்தை எனக்கு அனுப்பினார்.

அவர் தேடிக் கிடைக்காத ஆள் ஒருவன் இருந்தான். ரொபேட். இருநூறு வருசத்துக்கு முன்னே, பத்தொன்பது வயதில், லிவர்பூலில் கனடாக் கப்பல் ஏறியவன். அதன் பிறகு அவனைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. ஹில்டா அவனை நாற்பது வருசம் தேடியிருக்கிறார். என்னைக் கண்டதும் ரொபேட்டின் வாரிசைக் கண்டுவிட்டதாக முடிவு கட்டிவிட்டார்.

என்னுடைய ஆங்கில உச்சரிப்பு? அது கியூபெக் பிரெஞ்சுக்காரரின் உச்சரிப்பு என்று நினைத்தாராம். “ரொபேட் ஒரு பிரெஞ்சுப் பெண்ணைக் கட்டியிருக்க வேண்டும்,” என்றார். நான் சிரித்தேன். மறுக்கவில்லை. வரைபடத்தில் என் புள்ளிக்குப் பக்கத்தில் ‘ஜெராட், மொன்றியால். ரொபேட்டின் வழி?’ என்று எழுதினார்.

அவர் என்னை ‘கசின்’ என்று கூப்பிட்டார். “எப்படி இருக்கிறாய், கசின்? பனி எவ்வளவு உயரம், கசின்?” இந்த நாட்டில் என்னைச் சொந்தமாகக் கூப்பிட்ட ஒரே குரல் அப்போது அதுதான். வெளிப்படையாகவே சொல்கிறேன், ஞாயிற்றுக்கிழமைக்காக நான் முகம் வழித்தேன். டெலிபோனில் யார் பார்க்கப் போகிறார்கள். இருந்தாலும் வழித்தேன்.

மாசி மாதம் ஒரு சின்னப் பெட்டி தபாலில் வந்தது. உள்ளே பஞ்சு சுற்றிய குச்சியும் ஒரு குழாயும். கன்னத்துக்குள் தேய்த்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டுமாம். ஒரே இரத்தமா என்று தெரிந்துவிடும். ‘ரொபேட் விசயத்தை நான் கண் மூடுவதற்கு முன் தீர்த்துவிடுவோம்’ என்று துண்டில் எழுதியிருந்தார்.

அந்தப் பெட்டியைக் குளிர்சாதனப் பெட்டிக்கு மேல் வைத்தேன். பால் எடுக்கப் போகும்போதெல்லாம் அது என்னைப் பார்த்தது. அனுப்பாமல் சாட்டுச் சொல்லிக்கொண்டே போகலாம். வயதான மனுசி, மறந்தும் போகலாம். அப்படி விட்டால் ஞாயிறுகள் எனக்கு. சொன்னால் ரொபேட் அவருக்கு மறுபடியும் தொலைவான், அவனோடு நானும் தொலைவேன். இரண்டு ஞாயிறு வானிலையைப் பற்றியே பேசி ஒப்பேற்றினேன். மூன்றாவது ஞாயிறு அவர், பரிசோதனை முடிவு வந்ததும் ரொபேட்டின் பெயரைத் தேவாலயக் கல்லில் பொறிக்கக் கேட்டிருப்பதாகச் சொன்னார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

“ஹில்டா, நான் ரொபேட்டின் ஆள் இல்லை. நான் சிலோனில் பிறந்த தமிழன்,” என்றேன். விடுதிப் பள்ளிக்கூடம், சோறு, கந்தன் எல்லாவற்றையும் சொன்னேன். நீளமாகச் சொன்னேன். நாய் மட்டும் ஒருதரம் குரைத்தது.

“அப்படியா,” என்றார் கடைசியில். “அப்போது உன்னை எங்கே வைப்பது என்று நான் யோசிக்க வேண்டும்.”

டெலிபோனை வைத்துவிட்டார். கசின் என்று சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு அழைப்பு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. நான் இரண்டு தரமும் முகம் வழித்தேன். மூன்றாவது ஞாயிறு பொறுக்காமல் நானே எடுத்தேன். ஒரு ஆணின் குரல் பேசியது. பக்கத்துப் பண்ணைக்காரராம், சாமான்களை ஒதுக்க வந்தவராம். ஹில்டா நித்திரையிலேயே போய்விட்டார், அடக்கமும் முடிந்துவிட்டது என்றார்.

“சொந்தக்காரர் வந்தவையோ?” என்று என்னை மறந்து தமிழில் கேட்டு, பிறகு ஆங்கிலத்தில் கேட்டேன்.

“யாரும் இல்லை. மற்றப் பிரென்ஸ்கில்களுக்கு அவர் எழுதுவார், அவர்கள் பதில் எழுதுவதில்லை,” என்றார். “நீங்கள் கனடாக் கசினா? உங்கள் இலக்கத்தைத் தேடினோம், கிடைக்கவில்லை. கடைசி நாட்களில் வீடு முழுக்கப் பழைய மிசன் காகிதங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு இருந்தார். சாப்பாடு கொண்டுபோனாலும் நிமிரமாட்டார்.”

உடனே அவருடைய இணையப் பக்கத்தைத் திறந்தேன். என் புள்ளியை எடுத்திருப்பார் என்றுதான் நினைத்தேன். புள்ளி இருந்தது. பக்கத்தில் எழுத்து மாறியிருந்தது. ‘ஜெராட், மொன்றியால். சிலோன் வழி.’ கேள்விக்குறி இல்லை. இலங்கையின் வடக்கு முனையில் புதிதாக ஒரு சாம்பல் நிறப் புள்ளி, ‘வில்லியம், மாணவன்’ என்று. ரொபேட்டுக்கு நேரே, ‘லிவர்பூல். பிறகு தெரியாது.’

என்னை எங்கே வைப்பது என்று யோசித்து, வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார். எனக்குச் சொல்லத்தான் நேரம் இல்லாமல் போயிற்று. நான் அழுதேன். செல்வமலருக்குப் பிறகு அன்றுதான் அழுதேன்.

பிறகு யோசித்தேன். அவர் தன் முறைப்படி என்னைச் சேர்த்துக்கொண்டார், நான் என் முறைப்படி அவரைச் சேர்க்க வேண்டும். எங்கள் ஆட்களுக்கும் ஒரு வரைபடம் இருக்கிறது. மரண அறிவித்தல். யார் எங்கே பிறந்தார், எந்த நாட்டில் வாழ்ந்தார், உறவுகள் எந்தெந்த நாட்டில் என்று எல்லாம் அதில்தான் இருக்கும். ஒரு யாழ்ப்பாணத்தான் அது இல்லாமல் சாகமாட்டான். எங்கள் ஆட்கள் எல்லோரும் காலையில் எழும்பிப் பார்க்கிற இணையத்தளத்துக்கு எழுதினேன்.

‘இங்கிலாந்து யோர்க்‌ஷயரைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட செல்வி ஹில்டா பிரென்ஸ்கில் அவர்கள் காலமானார்’ என்று தொடங்கினேன். அடுத்த வரியில் மாட்டிக்கொண்டேன். கசின் என்று போட முடியாது. எங்கள் ஆட்களுக்கு முறை வேண்டும். ஒரே குடும்பப் பெயர் என்றால் தகப்பன் வழி, தகப்பன் வழி என்றால் சகோதரம், என்னை விட மூத்தவர். ‘ஜெராட் பிரென்ஸ்கில் (மொன்றியால்) அவர்களின் பாசமிகு அக்காவும்’ என்று எழுதினேன். ஒரு ஆள் மட்டும் நிற்க அறிவித்தல் வெறிச்சென்று இருந்தது. ‘பிரணவன் பிரென்ஸ்கில் (கல்கரி) அவர்களின் அன்பு மாமியும் ஆவார்’ என்றும் சேர்த்தேன். அவன் கழற்றியதை நான் திரும்ப மாட்டிவிட்டேன். நாயோடு நிற்கும் படத்தை வைத்து அனுப்பினேன். கீழே வழக்கம்போல ‘தகவல்: குடும்பத்தினர்’ என்று என் இலக்கத்தைப் போட்டேன்.

அறிவித்தல் போட்டால் ஆட்கள் வருவார்கள் என்பதை நான் மறந்துபோனேன். அந்தச் சனிக்கிழமை பகல் தெருவில் கார்கள் வந்து நின்றன. பக்கத்து ஊரான டொலார்ட்-டெஸ்-ஓர்மோவிலிருந்து தியாகராசாவும் மனைவி பிரஷாந்தினியும். தியாகராசா என்னோடு சந்தையில் வேலை செய்தவர். பின்னால் பார்க்-எக்ஸ்ரென்ஷன் பழைய அயல்சனம். செத்தவீட்டில் அடுப்பு எரியக் கூடாதென்று இடியப்பம், சொதி, சம்பல் என்று எல்லோர் கையிலும் பாத்திரம். நிலக்கீழ் அறையில் கதிரை போதாமல் கட்டிலிலும் படியிலும் இருந்தார்கள்.

“அண்ணை, குறை நினையாதேங்கோ,” என்றார் தியாகராசா மெதுவாக. “அவங்கள் படத்தை மாறிப் போட்டுட்டாங்கள். ஒரு வெள்ளைக்கார மனிசியின்ர படம் கிடக்கு. போன் அடிச்சுச் சொல்லுவமோ?”

“மாறேல்லை. அதுதான் அக்கா.”

தியாகராசா என்னைப் பார்த்தார், தன் சப்பாத்தைப் பார்த்தார். பிரஷாந்தினிதான் கேட்டார்.

“வருத்தமாய்க் கிடந்தவவோ அண்ணை?”

“இல்லை. நித்திரையிலை.”

“அது குடுத்துவைச்ச சாவு. ஒரு வாய் சாப்பிடுங்கோ.”

அதற்கு மேல் ஒருவரும் கேட்கவில்லை. ஹில்டாவுக்காகப் பத்துப் பதினைந்து பேர் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். அவரைப் புதைத்த இடத்தில் சொந்தம் என்று ஒருவரும் நிற்கவில்லை. இங்கே அவரை ஆரென்று தெரியாமலே இத்தனை பேர் துக்கம் காத்தார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது.

எங்கள் வழக்கத்தில் செத்தவீட்டில் சொல்லிக்கொண்டு போகக் கூடாது. போட்டு வாறம் என்றால் அந்த வீட்டுக்கு இன்னொரு சாவுக்கு வருவதாக ஆகிவிடும். அதனால் ஒருவரும் சொல்லவில்லை. நான் பின்பக்கம் கோப்பைகளை வைத்துவிட்டுத் திரும்பினேன், அறையில் யாரும் இல்லை. கதிரைகள் ஒன்றையொன்று பார்த்தபடி இருந்தன. வெளியே கார்கள் போகும் சத்தம் கேட்டது. நான் கட்டிலில் இருந்து, ஆறிப்போன சொதியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருசத் தனிமையில் அந்தப் பின்னேரத்தைப்போல ஒன்று வந்ததில்லை.

அப்போது டெலிபோன் அடித்தது. கேக் படம் இல்லை. குரல்.

“அப்பா, ஆர் செத்தது? எனக்கு எந்த மாமி? பெடியள் எல்லாம் மெசேஜ் போட்டுக்கொண்டு இருக்கிறாங்கள்.”

சொன்னேன். ஹில்டா, ரொபேட், பஞ்சுக் குச்சி, சிலோன் வழி என்று முழுவதையும் சொன்னேன்.

“உங்களுக்கு ஒவ்வொரு ஞாயிறும் எடுத்தவவோ?”

“ஓம்.”

பிறகு, “அப்பா, அதிலை என்ர பேர் பிழையாய்க் கிடக்கு,” என்றான்.

எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். இதற்குத்தான் எடுத்திருக்கிறான்.

“சரி, எடுத்துவிடச் சொல்லுறன். நீ இப்ப என்ன சோழனோ பாண்டியனோ, அதைச் சொல்லு. மாத்திப் போடுவாங்கள்.”

“என்ன சோழன்? நீங்கள் அண்டைக்குக் கேக்காமல் போனை வைச்சிட்டியள். பிறகும் கேக்கேல்லை. எங்கட ஆக்கள் வழமையாய் என்ன செய்யிறவை? தேப்பன்ர பேரைத்தானே பின்னாலை போடுறவை. நானும் அதைத்தான் போட்டனான். பிரணவன் ஜெராட்.”

என் தாய் கத்தோலிக்க வீட்டில் பிறந்தவர். பிள்ளை தங்காமல் போய்ப்போய், அர்ச்சிஷ்ட ஜெராட் என்ற புனிதருக்கு நேர்த்தி வைத்துப் பெற்ற பிள்ளை நான் என்று அந்தப் பெயரை வைத்தார். அதை யாரும் கொண்டு போவார்கள் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. ஏதாவது சொல்ல வேண்டும் என்றிருந்தது. வாயில் வந்தது பழைய கோபத்தின் மிச்சம்தான்.

“அதுவும் ஒரு வெள்ளைக்காரன்ர பேர்தானேடா.”

“இல்லையப்பா. அது உங்கட பேர்.”

கல்கரியில் இப்போது என்ன நேரம் என்று கேட்டேன். வேறு என்ன கேட்பதென்று எனக்குத் தெரியவில்லை.